மாமாவையும் சித்தியையும் வரைந்தவருக்கு

மதிப்பிற்குரிய ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால், ஏதாவது கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஸ்டுடியோவுக்குப் போவோம். டச்சப் செய்பவர் ஒட்டிய கன்னத்தை நிரப்புவார். பாதி மூடிய கண்ணைத் திறந்துவிடுவார். கோட்டே போட்டறியாதவருக்குக் கோட்டு மாட்டுவார். பிறகு சந்தனப் பொட்டு, மாலை, சீரியல் பல்பு. அந்த முகத்தில் போனவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அத்தகைய படங்களைப் பார்த்து வரைந்து பழகியவள் நான். அந்தக் கைப்பழக்கத்தைக் கெடுத்ததற்காகத்தான் உங்களுக்கு நன்றி.

1965-ல் உங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் இருவரைக் குடும்பப் போட்டோவிலிருந்து வரைந்தீர்கள். ருடி மாமா ராணுவக் கோட்டும் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்குச் செல்லப்பிள்ளை, போரில் மாண்டவர். மரியானே சித்திக்குப் படத்தில் பதினான்கு வயது. அவருக்கு முன்னால் கைக்குழந்தையாக நீங்கள். நீங்கள் சேட்டை செய்தால் ‘மரியானே மாதிரி பைத்தியமாகிவிடுவாய்’ என்று மிரட்டுவார்களாம். அந்தச் சித்திக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லி 1938-ல் கட்டாயக் கருத்தடை செய்தது நாஜி அரசு. 1945 பிப்ரவரியில், உங்கள் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்த அதே வாரம், ஒரு மனநல விடுதியில் அவர் உயிர் போனது. பட்டினி போட்டும் மருந்து கொடுத்தும் கொன்றார்கள். வயது 27.

ஒருவர் நாஜி ராணுவத்தின் சிப்பாய். இன்னொருவர் அந்த அரசே கொன்ற பெண். ஆனால் இருவர் மேலும் ஒரே காரியத்தைத்தான் செய்தீர்கள்: காயாத வண்ணத்தின் மேல் தூரிகையை இழுத்துக் கலைத்தீர்கள். அதை ஈரமில்லாத மனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமாவைக் கொடியவராகவோ சித்தியைத் தெய்வமாகவோ டச்சப் செய்ய மறுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மாமாவின் படத்தை, நாஜிகள் 1942-ல் தரைமட்டமாக்கிய லிடிட்சே கிராமத்தின் நினைவுத் தொகுப்புக்கே கொடுத்தீர்கள்.

1964-ல் வரைந்த கடற்கரைப் படத்தை நினைத்தால்தான் உடம்பு நடுங்குகிறது. குடும்பத்தோடு சிரிக்கும் அந்த மனிதர் அன்றைய உங்கள் மாமனார். சித்தியைப் போன்ற பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்த மருத்துவர் அவர் என்பது 2005 வாக்கில் ஒரு பத்திரிகையாளர் எழுதிய புத்தகத்தால் ஊருக்குத் தெரிந்தது. வரைந்தபோது உங்களுக்கே அது தெரியாது என்கிறார்கள். பழைய போட்டோவை நம்பி வரைகிற எவரும் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு மரியானே உண்டு: பாட்டியின் தங்கை. சுவரில் அவருக்கு இடமில்லை. ஒரு குரூப் போட்டோவின் ஓரத்தில், படம் எடுத்த நேரத்தில் திரும்பிவிட்டதால் கலங்கிப்போன முகம் மட்டும் மிச்சம். வரைய உட்கார்ந்தபோது கண்ணையும் மூக்கையும் ஊகித்து நிரப்பத்தான் கை போனது. உங்கள் படங்களைப் பார்த்திருந்ததால் கலங்கலை அப்படியே விட்டேன்.

அம்மாவுக்குப் படம் பிடிக்கவில்லை. “சித்திக்கு எவ்வளவு எடுப்பான மூக்கு தெரியுமா?” என்று கோபித்துக்கொண்டார். கோபம் மூக்கில் தொடங்கி, சித்தி பாடிய பாட்டுக்குப் போய், அவரை எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பது வரை வந்தது. வீட்டில் யாரும் அதுவரை அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.


கும்பகோணத்திலிருந்து ஓர் ஓவியர்