விட்டுப்போன ஒரு பாரா

2008 மே மாதம். ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் ஸ்கூலில் சிங்கப்பூருக்கு டூர் கூட்டிப் போனார்கள். அப்பா ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டுப் பணம் கட்டினார். "மாசா மாசம் சம்பளத்துல பிடிப்பான். ஒண்ணு விடாம பார்த்துட்டு வா!" மீனம்பாக்கத்தில் அவர் சொன்ன வழியனுப்பு வசனம் இதுதான்.

இறங்குவதற்குள்ளேயே கூத்து. சூயிங்கம் விற்பதற்கு 1992-லேயே தடை போட்ட ஊர் அது என்று யாரோ கிளப்பிவிட, பக்கத்து சீட் நண்பன் பையிலிருந்த நாலு பாக்கெட்டையும் மொத்தமாக வாயில் திணித்துக்கொண்டான். சாங்கி ஏர்போர்ட் ஆபீசர் பேர் கேட்டபோது அவன் சொன்னது எந்த பாஷை என்று இன்றுவரை தெரியாது!

காமர்ஸ் க்ரூப் பையன்களை வெளிநாடு கூட்டிப் போனால் என்ன செய்வார்கள்? பெருக்குவார்கள். அப்போது ஒரு சிங்கப்பூர் டாலர் சுமார் 30 ரூபாய். 'முப்பது ரூபாய்க்குத் தண்ணி பாட்டிலா?' என்று குழாயில் குடித்தோம். (அங்கே தைரியமாகக் குடிக்கலாம்.) சிங்கத் தலையும் மீன் உடம்புமாக 8.6 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மெர்லயன் சிலை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டோம். எதிர்க்கரையில் ஏகப்பட்ட கிரேன்கள். போட்டோவில் கிரேன் விழாமல் எடுக்கப் பெரும்பாடு.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் செராங்கூன் ரோட்டில் ஷாப்பிங். "தெரியாதவங்ககிட்ட பேசக்கூடாது" என்று சார் கண்டிஷன். ஆனால் தெரு முழுக்க நம்மூர் முகங்கள். வாரமெல்லாம் கட்டட வேலை பார்ப்பவர்கள் லீவு நாளில் கூடும் இடம்.

"தம்பி எந்த ஊரு?"

ஒல்லியாக ஒருத்தர். மன்னார்குடிப் பக்கமாம். டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு டாலர் கொடுத்ததும் என் மூளை பெருக்க ஆரம்பித்தது. கண்டுபிடித்துவிட்டார்.

"நானும் முதல் வருஷம் பெருக்கிக்கிட்டேதான் கிடந்தேன். ஏஜென்ட் கடன், தங்கச்சி கல்யாணக் கடன்னு வந்தப்புறம் கழித்தல் மட்டும்தான்" என்று சிரித்தார். அந்த எதிர்க்கரை கிரேன்களுக்குக் கீழேதான் அவருக்கு வேலை. நாங்கள் போட்டோவில் விழாமல் பார்த்துக்கொண்டோமே, அதே கிரேன்கள்!

கிளம்பும்போது ஒரு டாலர் காசு ஒன்றைக் கையில் வைத்தார். "ஞாபகமா வெச்சுக்க." ஒரு பக்கம் தமிழில் 'சிங்கப்பூர்'. மறு பக்கம் நித்தியகல்யாணிப் பூ. நம்மூரில் சுடுகாட்டு ஓரம் கேட்பாரில்லாமல் பூக்குமே, அதேதான்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் போன் நம்பர். "ஊருக்குப் போய் எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணு தம்பி. என்னைப் பார்த்தேன், நல்லா குண்டா இருக்கேன்னு சொல்லு. நான் சொன்னா நம்பாது. பார்த்தவங்க சொன்னா நம்பும்."

திரும்பும் ப்ளேனில் சார் ஆளுக்கொரு பேப்பர் கொடுத்தார். 'சிங்கப்பூரில் நான் கற்றது.' சுத்தம், க்யூ வரிசை, நேரம் தவறாத ரயில் என்று வரிசையாக எழுதினேன். பத்துக்கு எட்டு மார்க். டீ வாங்கித் தந்தவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் கண்டிஷனை மீறியது தெரிந்துவிடுமே!

ஆனால் போன் பண்ணினேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"அம்மா, உங்க பையனைப் பார்த்தேன். நல்லா குண்டா இருக்கார்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரிப்பு. "போன தடவை வந்த பையனும் இதையேதான் சொன்னான். சொல்லிக் கொடுத்து அனுப்புறான், படவா!"

எனக்கு வாய் எழவில்லை.

"சரி தம்பி, உனக்கு டீ, காபி ஏதாச்சும் வாங்கிக் கொடுத்தானா?"

"கொடுத்தார்மா."

"அப்ப நல்லாத்தான் இருக்கான்."

2010-ல் அந்த எதிர்க்கரையில் மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டல் திறந்தார்கள். மூன்று கோபுரம், தலையில் கப்பல் மாதிரி ஒரு தோட்டம். அதன் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த எட்டு மார்க் கட்டுரைதான் ஞாபகம் வரும்.

சார், விட்டுப்போன பாரா இதுதான். மார்க் வேண்டாம்.