செல்ஃப் எடுக்காத நேரம்

வண்டி 98 மாடல். கார்புரேட்டர் என்ஜின். மார்ச் மாதத்திலிருந்து அதற்கு ஒரு புதுப் பழக்கம். சாவியைத் திருப்பினால் பத்துக்கு ஒன்பது தடவை எடுக்கும். பத்தாவது தடவை ஒரு சத்தமும் வராது. பத்து, பதினைந்து நிமிஷம் கழித்துத் திருப்பினால் சமத்தாக எடுத்துக்கொள்ளும்.

எடுக்கவே எடுக்காத வண்டி என்றால் மெக்கானிக்குக் கொண்டாட்டம். சில நேரம் மட்டும் எடுக்காத வண்டி என்றால்தான் பானட்டைத் திறக்கவே யோசிப்பார்கள்.

*

பாளையங்கோட்டையில் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி கடை வாசலில் ஏழு தடவை சாவியைத் திருப்பிக் காட்டினேன். ஏழும் எடுத்தது.

“நல்லாத்தான இருக்கு தம்பி. மக்கர் பண்ணும்போது கொண்டாங்க, பாத்துருவோம்.”

மக்கர் பண்ணுகிற வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வருவது என்று அவரிடம் கேட்கவில்லை.

*

முதல் தப்பு என்னுடையது: பேட்டரியை மாற்றினேன். யாரைக் கேட்டாலும் பேட்டரி என்றுதான் சொன்னார்கள், கடைக்காரர் உட்பட. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். அன்று காலை அது 12.5 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது, 12.6 காட்டும், 12.4 என்றால் முக்கால்வாசி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. வெறும் வோல்ட்டை மட்டும் நம்பவும் முடியாதுதான். செல்ஃப் சுற்றும்போதும் 9.6க்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. புது பேட்டரி போட்ட நாலாம் நாள் பத்தாவது தடவை வந்தது.

*

சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொள்வது பாதி வைத்தியம். “ஸ்டார்ட் ஆகலை” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து வேறு வேறு வியாதிகள்.

‘கடகடகட’ என்று அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. சொலினாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச், உள்ளே இழுக்கும், மோட்டாருக்குக் கரண்ட் போகும், உடனே வோல்ட் விழும், சொலினாய்டு விட்டுவிடும், வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். ‘டொக்’ என்று ஒரே ஒரு அடி, அப்புறம் மௌனம் என்றால் சொலினாய்டுக்குள் இருக்கும் செப்புக் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், மோட்டாரில் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம். ஸ்பேனரால் மோட்டார் உடம்பில் ரெண்டு தட்டு தட்டினதும் எடுத்தால் பெரும்பாலும் பிரஷ்தான். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றினால் ஃப்ளைவீலைப் பல் பிடிக்கவில்லை.

என் வண்டியில் இது எதுவும் இல்லை. சுத்த மௌனம்.

*

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மங்கினால் கரண்ட் மோட்டார் வரை போகிறது, ஆனால் பத்தவில்லை. சட்டென்று அணைந்தே போனால் டெர்மினல் லூஸ். விளக்கு அசையாமல் எரிந்தால் மோட்டாருக்கு விஷயமே போய்ச் சேரவில்லை. இரவில் வீட்டுச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தால் நன்றாகத் தெரியும். காசு செலவில்லாத சோதனை. இதைப் பேட்டரி வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும் என்று இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

*

நாம் ‘செல்ஃப்’ என்கிறோம். செல்ஃப் ஸ்டார்டரில் ஸ்டார்டரை விட்டுவிட்டு செல்ஃபை மட்டும் வைத்துக்கொண்டோம். 1912 மாடல் காடிலாக்கில்தான் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்டர் வந்தது. அதுவரை முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போச்சு. பழைய அம்பாசடரிலும் ஹேண்டில் போட வழி இருந்தது. இந்த மாதிரி நாட்களில் அந்த ஓட்டை மேல் ஒரு ஏக்கம் வருகிறது.

*

டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு வைத்தேன். எடுக்காத ஒவ்வொரு தடவையும் குறிப்பு: மணி, எவ்வளவு தூரம் ஓடி வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, விளக்கு, சத்தம். பதினோரு குறிப்பு சேர்ந்தது. பதினொன்றில் ஒன்றுகூடக் காலை நேரம் இல்லை. எல்லாமே ஓடி வந்து நிறுத்தி, பத்திலிருந்து இருபது நிமிஷத்துக்குள். ‘எப்பவாவது’ என்று நினைத்துக்கொண்டிருந்தது நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது.

ஓடும்போது ரேடியேட்டரும் காற்றும் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். நிறுத்தினதும் பானட்டுக்குள் சூடு ஏறும், இறங்காது. அந்தப் பத்து இருபது நிமிஷம்தான் உள்ளே கொடுமையான நேரம்.

*

சூட்டில் மக்கர் என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெட்ரோல் ஆவியாகி பம்ப் இழுக்காது. அந்தக் கால டாக்சிக்காரர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்கள். உண்மைதான். இக்னிஷன் காயில் சூட்டில் கை விரிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கிராங்க் சென்சார் சூட்டில் செத்து, ஆறினதும் உயிர் பெறும். ரிலேக்குள் ஈயப்பற்று மயிரிழை விரிசல் விட்டு வெயிலில் திறந்துகொள்ளும். ஆனால் இதெல்லாம் செல்ஃப் சுற்றியும் என்ஜின் பிடிக்காத வண்டிக்கு. எனக்குச் சுற்றவே இல்லை. செகண்ட் கியரில் தள்ளினால் உடனே பிடிக்கிறது, அதனால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரி. செல்ஃப் சுற்றுகிறதா என்ற ஒரு கேள்வியை முதலில் கேட்டால் பாதி ஆலோசனைகளைக் கழித்துவிடலாம்.

*

மே, ஞாயிறு. பழுதைத் தேடிப் போனோம். அக்கா மகனையும் முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரையும் ஏற்றிக்கொண்டு தென்காசி ரோட்டில் ஆலங்குளம் வரை. பானட்டைத் திறக்காமல் பன்னிரண்டு நிமிஷம் டீ.

“திருப்பு மாப்ள.”

“மாமா, எடுக்கலை!” குரலில் அவ்வளவு வருத்தம். இரண்டு மாதத்தில் அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

நியூட்ரல், ஹேண்ட்பிரேக். மீட்டரின் கறுப்பு முனை என்ஜின் உடம்பில். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில்: சாவி திருப்பியபடி 12.3. அடுத்து சொலினாய்டில் செருகியிருக்கும் மெல்லிய ஒயரில், சாவி சுவிட்சிலிருந்து வருவது: 8.6. வழியில் 3.7 வோல்ட் காணோம். அரை வோல்ட் போனால் பொறுக்கலாம். இது பகல் கொள்ளை.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு தனி ஒயரை அந்த முனையில் தொட்டேன். செல்ஃப் விருட்டென்று சுற்றியது. மோட்டார் மேல் குற்றமில்லை.

*

கணக்கு எளிது. சொலினாய்டு இழுக்கும் கணத்தில் அந்த மெல்லிய ஒயரில் 20, 30 ஆம்ப்ஸ் கூடப் போகும். இருபத்தைந்து வருஷத்துச் சாவி சுவிட்ச், தேய்ந்து கருத்த காண்டாக்ட், நடுவில் ரெண்டு கனெக்டர். எல்லாம் சேர்ந்து 0.15 ஓம் இருந்தாலே 25 ஆம்ப்ஸுக்கு 3.75 வோல்ட் விழுந்துவிடும். சும்மா கன்டினியூட்டி பார்த்தால் மீட்டர் ‘பீப்’ என்று சொல்லி எல்லாம் சரி என்றுவிடும். லோடில் பார்த்தால்தான் சொல்லும்.

சரி, காலையில் மட்டும் எப்படி எடுக்கிறது? செப்புக்கு 10 டிகிரி சூடு ஏறினால் தடை சுமார் 4 சதவீதம் கூடும். சொலினாய்டு 60 டிகிரி கூடுதலாகக் காய்ந்தால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதே 8 சொச்சம் வோல்ட்டுக்குக் குளிரில் இழுக்கும், சூட்டில் இழுக்காது. சுவிட்ச் எல்லா நேரமும் கெட்டுத்தான் இருந்திருக்கிறது. சூடு அதைக் காட்டிக்கொடுத்தது.

*

அண்ணாச்சியிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினோரு குறிப்பையும் படித்தார்.

“ரிலே ஒண்ணு போட்டா முடிஞ்சுது. இதச் சொல்லிருந்தா அன்னைக்கே போட்டிருப்பனே.”

அன்றைக்கு என்னிடம் இது இல்லை.

நாலு கால் ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், நடுவில் 30 ஆம்ப்ஸ் ஃபியூஸ், அங்கிருந்து சொலினாய்டு. சாவி சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் எழுப்பினால் போதும். அதற்கு அரை ஆம்ப்ஸ்கூட வேண்டாம். மொத்தம் நாற்பது நிமிஷ வேலை. போகிற போக்கில் எர்த் ஒயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டினார். டெர்மினலுக்கு வெந்நீர், ஆப்பச்சோடா, மேலே கொஞ்சம் வாசலின்.

இன்னொன்று: ரிலே மாட்டி முடித்ததும் சார்ஜிங் பார்க்கிறேன் என்று ஓடுகிற என்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் டயோடு போகும். மீட்டர் வைத்துப் பார்த்தோம், 14.1. “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

*

ஜூன். ஆலங்குளத்தில் மறுபடி அதே கடை, அதே பன்னிரண்டு நிமிஷம், பானட் மூடியபடி. மெல்லிய ஒயரில் இப்போது 11.9. மருமகன் இன்னொரு டீ கேட்டான். இருபது நிமிஷம் ஆகட்டும் என்று நானும் ஒன்று சொன்னேன்.