மணியார்டர் பாரத்தில் இருந்த பெயர்

மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான். இரண்டு வாரமாக வீட்டில் கட்-ஆஃப், கவுன்சலிங், கட்டணம் தவிர வேறு பேச்சே இல்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: "நீங்க காலேஜ் படிச்சப்ப ஃபீஸ் யாருப்பா கட்டினது, தாத்தாவா?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். தூக்கம் வரவில்லை. நான் சொன்னது உண்மையில்லை.

*

கட்டியது அக்கா.

சாத்தூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வானம் பார்த்த பூமி. தீப்பெட்டி ஆபீஸ்தான் சோறு போட்டது. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அக்கா 1988இல் பத்தாவது பாஸ் செய்தாள். இரண்டு வருஷம் கழித்து நான் எடுத்த மார்க்கைவிட அவள் மார்க் அதிகம். ஒரு பிள்ளையைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

*

கட்டை அடுக்கும் வேலை. பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய மரப்பட்டை. ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. பட்டை நிரம்பியதும் அதன்மேல் இன்னொரு பட்டை. சட்டம் முழுக்க நிறைந்த பிறகு இறுக்கி, மருந்து முக்கக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குக் கூலி. அக்காவின் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்திருக்கிறேன். குச்சியைப் பார்க்கவே மாட்டாள். பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே இருப்பாள், இடது கை குச்சிகளை அள்ளித் தரும், வலது கை தானாகப் பள்ளத்தைத் தேடிப் போகும். சனிக்கிழமை சம்பளம். வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள்.

*

1992இல் மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். மாதா மாதம் முதல் வாரத்தில் தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவார். அனுப்புநர் பெயர் அப்பாவுடையது. பாரத்தில் இருந்த கையெழுத்து அக்காவுடையது. கீழே செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருக்குமே, அதில் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதியிருப்பாள். பணத்தைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது. மூன்று வருஷமும் அந்தத் துண்டுச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டுவைத்தேன். பணம் யாருடையது என்பது எனக்குத் தெரியும். விடுதியில் யாராவது கேட்டால் "அப்பா அனுப்புவார்" என்றுதான் சொன்னேன்.

நேற்றும் அதையேதான் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

*

பிள்ளையின் கல்லூரிச் செலவைப் பெற்றோர் ஏற்க வேண்டுமா? முதல் பட்டம் வரைக்கும் ஏற்க வேண்டும் என்பதே என் எண்ணம். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம், நீயே சம்பாதித்துப் படி என்று சொல்கிற அளவுக்கு நம் ஊரில் பகுதிநேர வேலையும் இல்லை, அந்தக் கூலியில் கட்டணம் அடையவும் அடையாது. ஆனால் 'பெற்றோர் கட்டினார்கள்' என்று நாம் சொல்வதில் பாதி, அம்மாவின் சங்கிலி. மீதியில் ஒரு பங்கு, அதே வீட்டில் படிப்பை விட்ட இன்னொரு பிள்ளையின் உழைப்பு. ஒரு பிள்ளையின் படிப்புக்கு இன்னொரு பிள்ளையைச் செலவழிக்கிற உரிமை எந்தப் பெற்றோருக்கும் கிடையாது. எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை. அதில் ஆதாயம் அடைந்தவன் நான்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில் ஜீவனாம்சம் என்பதற்குள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவத்தோடு கல்வியும் அடங்கும். ஆனால் பிள்ளை மேஜராகும் வரைக்கும்தான். அதாவது கல்லூரிக் கட்டணம் ஆரம்பிக்கிற வயதில் மகன் விஷயத்தில் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. மணமாகாத மகள், சொந்த வருமானத்தில் வாழ முடியாத நிலையில் இருந்தால், அவளுக்குத் தொடர்கிறது. சட்டம் மகளுக்குக் கொடுத்திருக்கிற இந்தக் கூடுதல் உரிமையை எத்தனை வீடுகள் அறிந்திருக்கும்? நடைமுறை நேர் எதிர். மகனுக்கு இன்ஜினியரிங், மகளுக்குப் பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரி, மிச்சம் அவள் கல்யாணத்துக்கு.

*

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. மகள் அயர்லாந்தில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்காக அப்பா கொடுத்த 43 லட்ச ரூபாயை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்; அவர் வாங்கவில்லை. படிப்புச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறுவது மகளின் உரிமை, வசதிக்கு உட்பட்டு அவர்களைக் கட்டாயப்படுத்தவும் முடியும் என்று சொன்ன நீதிமன்றம், அந்தப் பணம் அவளுக்கே என்றது.

தீர்ப்பு சரி. அந்தப் பெண் வேண்டாம் என்றதும் எனக்குப் புரிகிறது. சில வீடுகளில் கட்டணம் கட்டிய ரசீதை ஆயுளுக்கும் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், மகள் தனக்குப் பிடித்த பையனைப் பற்றி வீட்டில் சொன்ன அன்று முதலில் கேட்டது, "உனக்கு எத்தனை லட்சம் செலவழிச்சேன் தெரியுமா?" பையன் யார், என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. கட்டணம் கட்டியதால் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ வந்துவிடாது. கொடுத்தது கொடுத்ததாகவே இருக்க வேண்டும்.

*

முதல் பட்டதாரிச் சலுகை 2010இல் வந்தது. தொழிற்படிப்பில் கவுன்சலிங் வழியாகச் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை. குடும்பத்தில் அதற்கு முன் பட்டதாரி யாரும் இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. ஆயிரமாயிரம் வீடுகளில் விளக்கேற்றிய திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த 'குடும்பத்துக்கு ஒருவர்' என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1988 ஜூன் நினைவுக்கு வருகிறது. எந்த ஒருவர் என்பதை வீடுதான் முடிவு செய்கிறது.

அதனால்தான் புதுமைப் பெண் திட்டத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்குக்கே. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். ஆயிரம் ரூபாயில் கட்டணம் கட்ட முடியாதுதான். ஆனால் தன் பெயரில் மாதா மாதம் பணம் வருகிற பெண்ணை, 'நீ நின்னுக்கோ, தம்பி படிக்கட்டும்' என்று சொல்வது முன்பு மாதிரி எளிதில்லை.

*

விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடம் 1889இல் தொடங்கப்பட்டது. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமைப் பணம் அதற்குப் போனது. பெண்கள் உலையில் போடுமுன் எடுத்துவைத்த பிடியரிசியும் போனது. ஊரே கட்டணம் கட்டிய மாவட்டம் எங்களுடையது. படிப்புச் செலவு அப்பன் பாடு என்று தனியாக விட்டது பிறகு வந்த வழக்கம்.

*

கடன். வங்கிக் கல்விக் கடனில் 7.5 லட்சம் வரைக்கும் சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும். படிக்கிற காலத்துக்கும் வட்டி ஏறும். பலர் இதைக் கவனிப்பதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள படிப்புகளுக்கு அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டமும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

கடன் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். நகையை அடகு வைப்பதும் கடன்தான். வட்டிக்கு வாங்குவதும் கடன்தான். பி.எஃப். பணத்தை எடுப்பது, பின்னாளில் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிற வயதான நம்மிடமே வாங்குகிற கடன். பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்ற வேண்டும் என்று 2007இல் சட்டம் போட வேண்டிவந்ததே, அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

*

காலையில் அக்காவுக்குப் போன் போட்டேன். மகன் கேட்டதைச் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"சின்னப் பயகிட்ட இதெல்லாம் எதுக்குடா?" என்றாள்.

"தெரியட்டும்க்கா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பாப்பா எத்தனாவது இப்ப?" என்று கேட்டாள்.

"பத்தாவது."

"அவளுக்கு எடுத்துவச்சிருக்கியா?"

*

சாயங்காலம் மகனை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். ஆபீஸ், கட்டை, சனிக்கிழமைச் சம்பளம், மணியார்டர் பாரம், எல்லாம். அந்தத் துண்டுச் சீட்டுகளில் நாலைந்து இன்னும் இருக்கின்றன, காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். "அத்தை கையெழுத்து நல்லா இருக்குப்பா" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு மனைவியும் வந்து உட்கார்ந்தாள், கணக்குப் போட்டோம். கையில் இருப்பதை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி மகளுக்கு; அதே தொகை, ஒரு ரூபாய் குறையாமல். படிப்புக்கென்றே அவள் பெயரில் டெபாசிட். கல்யாணத்துக்கு என்று அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மறுபாதியில் மகனுக்கு எத்தனை செமஸ்டர் கட்ட முடியுமோ அத்தனை நாங்கள் கட்டுவோம். குறைவதற்கு அவன் பெயரில் கடன். நகை பீரோவிலேயே இருக்கும்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.