காலிக்கூடுகளின் மதிப்பு

நம் மைத்துனர் அமெரிக்காவின் மொன்டானாவில் காட்டோரம் வசிக்கிறார். கரடிக்கு அஞ்சி .44 மேக்னம் ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறார். சென்ற கோடையில் அவரோடு சுடுகளத்திற்குச் சென்றோம். விசையை இழுக்கும் முன்பே உதைப்பை எண்ணிக் கண்களை மூடிக்கொண்டார்! "தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை அத்தான்; மூன்றாண்டில் இரண்டு பெட்டிதான் சுட்டேன்" என்றார். கரடியினும் அப்பழகாத கையே நம்மை அச்சுறுத்தியது.

1955இல் பிறந்த மேக்னத்துக்கு மூத்தது, 1907ஆம் ஆண்டின் .44 ஸ்பெஷல். குண்டின் பருமன் ஒன்றே. கூடு சற்றே குட்டை, உதைப்பும் குறைவு. மேக்னம் துப்பாக்கியில் இதைச் சுடலாம். ஆயினும் கடையில் இதுவும் மலிவன்று. தவிர, குட்டைக்கூடு உருளையறையில் விட்டுச்செல்லும் கரிவளையத்தைத் துடைக்காவிடில் பின்னர் மேக்னம் நுழைய மறுக்கும்.

தோட்டாவில் விலை மிகுந்த பகுதி பித்தளைக்கூடு. சுட்டபின் மிஞ்சுவதும் அதுவே. புதிய ப்ரைமர், குறைந்த அளவு மருந்து, ஈயக்குண்டு இட்டு அதையே பலமுறை நிரப்பலாம். இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. குறைந்த மருந்து கூட்டின் அடியிலேயே தங்கிவிடுவதால், தவறி இருமுறை விழுந்தாலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சுடுகையில் உருளையே வெடிக்கக்கூடும்.

அன்று உதிர்த்த 50 கூடுகளையும் பொறுக்கிக்கொண்டோம். அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய கருவியில் அவர் மருந்தளக்கையில் எவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. தொலைக்காட்சியையும் நம் இல்லாள் அணைத்துவிட்டாள்.