சிம்ல நாலு மணி நேரம்

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயில் இட்லியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆட்டுக்கால் சூப்? பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருமுனைக்குப் போங்கள், சாயங்காலம்.

ஒரு தள்ளுவண்டி. புருஷன், பெண்டாட்டி ரெண்டே பேர். மிளகு, சீரகம், நசுக்கிய சின்ன வெங்காயம், மேலே கொத்தமல்லி... அவ்வளவுதான். சூப் தண்ணியாகத்தான் இருக்கும். ஆனால், ஒரு டம்ளர் இறங்கியதும் காது வரைக்கும் சூடு ஏறுகிறது.

'இவ்வளவு தெளிவா எப்படிம்மா?' என்றேன்.

'தளதளன்னு கொதிக்க விடக் கூடாது சார். சிம்லயே நாலு மணி நேரம் கிடக்கணும்.'

ஜப்பானில் பல ராமென் கடைகளில் இதற்கு நேர் எதிர். பன்றி எலும்பை மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்க விடுவார்கள். கொழுப்பு தண்ணீரோடு கலந்து பால் மாதிரி வெளுத்துவிடும். அதில்தான் நூடுல்ஸ். லேசான சூப்தான் வேண்டும் என்கிற கட்சியும் அங்கே உண்டு. அவர்கள் அடுப்பைக் குறைத்துவிடுவார்கள். நம்ம அம்மா அந்தக் கட்சி!

வண்டிக்காரர் முன்பு தறி நெய்தவர். கோர்வைச் சேலை. உடல் ஒரு கலர், கரை வேறு கலர். மூன்று நாடா ஓடும். ஓர் ஆளால் முடியாது. ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். இருபது வருஷம் அப்படிப் போட்டுக் கொடுத்தவர், இப்போது டம்ளர் கழுவிக் கொடுக்கும் இதே அம்மாதான்.

2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே என்றேன்.

'பேருக்குக் காவல் வந்துச்சு சார். கூலிக்கு வரலை' என்றார் அவர். பையன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டானாம்.

'தறி என்னாச்சு?'

அவர் பேசவில்லை. அந்தம்மாதான் சொன்னார்: 'குழி மட்டும் இருக்கு. வெங்காயம் கொட்டி வெச்சிருக்கோம்.'