நந்தியாவட்டைக்கு வந்த விருந்தாளி

பட்டாம்பூச்சி வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிறோம். அந்துப்பூச்சி வந்தால் துடைப்பத்தைத் தேடுகிறோம். ஆனால் நம்ம ராஜகீழ்ப்பாக்கத்திலேயே பட்டாம்பூச்சியைத் தோற்கடிக்கும் ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒலியாண்டர் ஹாக் மாத். ஒலியாண்டர் என்றால் அரளி. 1758-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோதும் அரளியின் பெயரைத்தான் சேர்த்தார்.

அரளி விஷச்செடி. ஆடு, மாடு வாய் வைக்காது. இந்தப் பூச்சியின் புழுவோ அதைத் தின்றே வளரும்! நந்தியாவட்டை இலையும் அதற்குப் பிடிக்கும்.

போன ஐப்பசியில் எங்க வீட்டு நந்தியாவட்டையில் ஐந்து பச்சைப் புழுக்கள். விரல் நீளம், முடியே கிடையாது, வால் பக்கம் குட்டிக் கொம்பு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே முதுகில் இரண்டு நீலக் கண்கள் தெரியும். அது நிஜக் கண் இல்லை, குருவியைப் பயமுறுத்தும் வேஷம்.

அப்பா மருந்து அடிக்கலாம் என்றார். ஆயா விடவில்லை. "இலையத்தானேடா தின்னுது? சாமிக்குப் பூ போதும், அதுக்கு இலை போதும்" என்றார்கள்.

ஒரு வாரத்தில் புழுக்கள் பழுப்பு நிறமாக மாறி, செடியை விட்டு இறங்கிவிட்டன. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். இவை கிளையில் கூடு கட்டாது, தரையில் சருகுக்கு அடியில் போய்க் கூட்டுப்புழு ஆகும் என்றார்.

இங்கேதான் சிக்கல். வாசல் முழுக்க சிமென்ட் போட அப்பா ஆள் சொல்லியிருந்தார். மழையில் சேறாகி ஆயா வழுக்கி விழுந்தால் என்ன செய்வது? அதுவும் நியாயம்தானே! நான் சருகை மெல்ல விலக்கி, ஒரு கூட்டுப்புழுவைக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் கொத்தனார் வந்ததும், செடியைச் சுற்றி இரண்டடி மண்ணை விட்டுவிடச் சொன்னார்.

பதினாறாம் நாள் விடியற்காலை, செடித்தண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சி! பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று ராணுவ உடுப்பு மாதிரி கோலம். இருட்டியதும் பறந்துவிட்டது. ஹெலிகாப்டர் போல அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்குமாம்.

நம்ம ஏரியாவில் பழைய வீடுகள் ஃபிளாட் ஆகின்றன. நந்தியாவட்டையைத் தொட்டியில் வைத்தால் நமக்குப் பூ கிடைக்கும். புழு இறங்க மண் கிடைக்காது. அதன் வீடு செடி மட்டும் இல்லை, செடிக்குக் கீழே உள்ள சருகும்தான். உங்க வீட்டில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்தால், அடியில் மட்டும் பெருக்காதீங்க!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு