கண்ணாடியில் ஒரு கீறல்



சென்ற தவணைப் பரீட்சையில் என்னிடம் வரலாறு கற்கும் மாணவி ஒருத்தி இரண்டு புள்ளிகளை இழந்தாள். தவறு அவளுடையதன்று, என்னுடையது. அதை உங்களிடம் ஒளிக்காமற் கூறவே இதை எழுதுகின்றேன்.

அவளுடைய தந்தை கற்பிட்டிக் கடலில் மீன்பிடித் தொழில் செய்பவர். காய்ச்சல் காரணமாக அவள் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றிய குறிப்பை எனது கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வட்ஸ்அப் மூலம் அனுப்பினேன். அவள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதி மனனம் செய்தாள். பரீட்சையிலே கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட ஆண்டு 1818 என எழுதினாள். சரியான விடை 1815 என்பதை நீங்கள் அறிவீர்கள். 1818 ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட ஆண்டாகும்.

“சேர், நீங்க அனுப்பின படத்துல அப்பிடித்தான் இருந்திச்சு” என்றாள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். வெளிச்சம் சிதறி, எனது 5 ஒரு 8 ஆகவே தெரிந்தது.

காரணம் என்ன? அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் எனது கைத்தொலைபேசி வாங்கிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தது. உறை போட்டிருக்கவில்லை. கமராவின் மேற்கண்ணாடியில் தலைமயிர் போன்ற ஒரு வெடிப்பு உண்டானது. “படம் வருகிறதுதானே” என்று விட்டுவிட்டேன். அவ்வளவு நாளும் அந்த வெடிப்பின் வழியே தூசும் ஈரமும் உள்ளே சென்றன.

பிள்ளைகளே, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலே கைத்தொலைபேசியே பலருக்கு வகுப்பறையாயிற்று. இன்றும் குறிப்புகளும் விடைத்தாள்களும் அதன் வழியே வருகின்றன. வீட்டுக்கு ஒன்றே உள்ள இடங்களில் அக்கமராவின் கண்ணாடி உடைந்தால் மூன்று நான்கு பிள்ளைகளின் படிப்பு மங்கும்.

நமது கரையோரத்தில் இதற்கு எதிரி யார்? சாவியும் நாணயமும் என்று நினைப்பீர்கள். உண்மையான எதிரி மணல். கனியங்களின் கடினத்தன்மையை ஒப்பிடுவதற்கு ஜேர்மனியரான பிரெடரிக் மோஸ் 1812இல் ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் சாதாரண கண்ணாடி ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கடினமானது மென்மையானதைக் கீறும். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் நம் சட்டைப்பையிலும் மேசையிலும் மணல் இல்லாத நாளுண்டா? உப்பின் கடினத்தன்மை 2.5 அளவே, அது கண்ணாடியைக் கீறாது. ஆனால் கடற்காற்றின் உப்பு படிந்து படத்தை மங்கச் செய்யும். ஈரத்தை இழுத்து உலோகப் பகுதிகளை அரிக்கும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. கமராவைச் சுற்றியுள்ள விளிம்பு கண்ணாடியை விட உயர்ந்து நிற்கும் உறையைத் தெரிவு செய்யுங்கள். மேசையில் வைக்கும்போது கண்ணாடி தரையைத் தொடக்கூடாது.

2. சட்டை நுனியால் உடனே துடைக்காதீர்கள். அப்படித் துடைப்பது மணலைக் கொண்டு தேய்ப்பதாகும். முதலில் மணலை ஊதி அகற்றுங்கள். பின்னர் சிறிது நன்னீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள்.

3. மேலே ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடி பயனுள்ளதே. எனினும் மலிவானவை இரவில் ஒளியைச் சிதறச் செய்யும். அதன் அடியில் தூசு புகுந்தால் கழற்றிவிடுங்கள்.

4. மோட்டார் சைக்கிளின் கைபிடியிற் பூட்டி நெடுந்தூரம் கொண்டு செல்லாதீர்கள். வலுவான எஞ்சின்களின் அதிர்வு கமராவைப் பாதிக்கக்கூடும் என்று 2021இல் அப்பிள் நிறுவனமே அறிவித்தது.

5. வெடித்துவிட்டால் ஒளிபுகும் ஒட்டுநாடாவால் மூடி, தாமதியாமல் திருத்துநரிடம் கொடுங்கள்.

நான் கொண்டு சென்றபோது திருத்துநர் கூறியது இன்னும் காதில் ஒலிக்கிறது: “உள்ள இருக்கிற வில்லைக்கு ஒண்டுமில்ல சேர். மேல் கண்ணாடிதான். அண்டைக்கே வந்திருந்தா மண் உள்ள போயிருக்காது.” சில நிமிட வேலையை மூன்று வாரம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

அடுத்த வகுப்பிலே எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, “இனி ரெண்டு ஆண்டையும் மறக்கமாட்டேன் சேர்” என்றாள். இப்போது ஆண்டுகளை எழுத்திலும் எழுதியே படம் பிடிக்கிறேன். நீங்களும் படத்தில் வரும் ஆண்டுகளைப் பாடநூலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரியர் அனுப்பியது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

பரீட்சை மண்டபத்துக்குக் கைத்தொலைபேசியைக் கொண்டு செல்லவே கூடாது என்பதையும் மறவாதீர்கள். அன்று உங்களுக்குத் துணை உங்கள் கொப்பியில் சரியாக எழுதிப் படித்தவை மாத்திரமே.

பயிற்சி: “நான் தள்ளிப் போட்டதால் பிறர் அடைந்த நட்டம்” என்னும் தலைப்பில் உங்கள் சொந்த அனுபவத்தை 200 சொற்களில் எழுதுக.